பதின்வயதுப் பிள்ளைக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது? கூடலூர்ப் பக்கமிருந்து ஒரு விளக்கம்

பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு நல்ல புத்தகமாக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்கும் பெற்றோரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், அவர்களுக்கு எது வேண்டாம் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். சாதி வேண்டாம், மதச் சண்டை வேண்டாம், காதல் வேண்டாம், போலீஸ் அடிக்கிற கதை வேண்டாம், தற்கொலை என்ற பேச்சே வேண்டாம். இவ்வளவையும் கழித்துவிட்டால் தன்னம்பிக்கை நூல்களும் பொது அறிவுப் புத்தகங்களும்தான் மிஞ்சும். அவற்றைப் படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் பதினைந்து வயதில் ஒரு பிள்ளை ராத்திரி தூங்காமல் புரண்டு புரண்டு யோசிப்பது எதைப் பற்றி என்று பார்த்தால், வேண்டாம் என்று கழித்த விஷயங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். அதைப் பற்றி வீட்டில் பேச முடியாது, வகுப்பில் கேட்க முடியாது, போன் மட்டும் கையில் இருக்கிறது. போனில் வருகிற முப்பது விநாடி வீடியோவைவிட, பொறுப்போடு எழுதப்பட்ட இருநூறு பக்கம் மேல் என்றுதான் நான் நம்புகிறேன்.

சிக்கலான விஷயங்களைப் பேசுகிற புத்தகங்களைப் பதின்வயதினருக்குப் பரிந்துரைப்பது பற்றிச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நல்ல பட்டியல்கள் வருகின்றன. அவற்றை அப்படியே இங்கே நீலகிரி மலைக்குக் கொண்டுவந்தால் ஏன் வேலை செய்வதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடலூரிலோ பந்தலூரிலோ ஓர் அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பிள்ளை, பக்கத்தில் பணியர் பழங்குடிப் பிள்ளை, மலையாளம் பேசும் முஸ்லிம் வீட்டுப் பெண், மவுண்டாடன் செட்டி வீட்டுப் பையன், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த படகர் பிள்ளை என்று எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள். இவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் நிலத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. அந்தக் கதைகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது.

நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் கையில் பரம்பரை உரிமையாக இருந்த ஜென்ம நிலங்களுக்காக 1969இல் தனியாக ஒரு ஒழிப்புச் சட்டம் வந்தது. அதில் பிரிவு 17க்குக் கீழே வருகிற, தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்த நிலம் யாருக்கு என்ற வழக்கு தலைமுறை தாண்டி ஓடுகிறது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டபோது 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன, அதுதான் பின்னாளில் டான்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். அதே டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022இல் அரசு முடிவெடுத்தபோது லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற குடும்பங்கள் எப்படித் தவித்தன என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பணியர் குடும்பங்களுக்கோ, வயநாட்டு வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் தங்கள் முன்னோரை வருடக் கூலிக்குப் பேசி அழைத்துப்போன காலத்திலிருந்து கதை தொடங்கும். அந்தக் காடும் வயலும் ஒரு காலத்தில் தங்களுடையது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தாத்தா சொல்லிக் கேட்ட சேதி.

ஆக, சென்னைப் பிள்ளைக்கு 'நில உரிமை' என்பது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பிரச்சினை. இங்கே உள்ள பிள்ளைக்கு அது அப்பா நேற்று ராத்திரி சாப்பிடும்போது கோபமாகப் பேசியது. காட்டைப் பற்றிய புத்தகமும் அப்படித்தான். புலியைக் காப்பாற்ற வேண்டும் என்று அழகாகச் சொல்கிற புத்தகம் ஒன்றை வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் 2021இல் டி23 என்ற புலியைத் தேடி மூன்று வாரம் வனத்துறை அலைந்ததே, அப்போது தேவன் எஸ்டேட் பக்கத்திலும் மசினகுடியிலும் ஆடு மாடு மேய்க்கப் போகப் பயந்து வீட்டுக்குள் கிடந்த பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2020 அக்டோபரில் சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு ரிசார்ட் வேலையை இழந்தவரின் மகனும் இருக்கலாம். புத்தகத்தில் இவர்களுக்கு இடமே இல்லை என்றால் அவர்கள் அதை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அடுத்து நீங்கள் கொடுப்பதையும் நம்ப மாட்டார்கள்.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்பதை வைத்து அது பிள்ளைக்கு ஆகுமா ஆகாதா என்று முடிவு செய்வதில் பெரிய பயன் இல்லை. அந்த விஷயத்தை அந்தப் புத்தகம் எப்படிக் கையாள்கிறது, அதை வாங்கிக்கொள்ளப் போகிற இந்த ஒரு பிள்ளை யார், படித்து முடித்த பிறகு பேச யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கையாளும் விதம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம்மிடமே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது எவ்வளவு பெரிய கூச்சல் எழுந்தது! மழையில் நனைந்து நிற்கிற கல்லூரி மாணவி ஒருத்தி முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மா முதலில் அலறுகிறாள், அப்புறம் மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். இன்றைக்கு எடுத்துப் படித்தால் வர்ணனையில் கூசும்படியாக ஒன்றும் இருக்காது. அன்று வாசகர்களைக் கொதிக்க வைத்தது அந்தத் தாய் மகளை ஏற்றுக்கொண்டதுதான். அப்படியானால் பதினாறு வயதுப் பெண் பிள்ளைக்கு இந்தக் கதை கூடாதா? பாலியல் வன்முறையைப் பற்றி அவளிடம் யாராவது பேசுவதென்றால், 'இதில் உன் தப்பு எதுவும் இல்லை' என்று சொல்கிற ஒரு தாயிடமிருந்து தொடங்குவது எவ்வளவோ மேல்.

இதற்கு நேர் எதிர் முனையில் ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' இருக்கிறது. 2004இல் வந்த நாவல். வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது சத்தியமங்கலம் மலையில் சோளகர் பழங்குடி மக்கள் பட்ட பாட்டைச் சொல்கிறது. சித்திரவதைக் கூடத்தில் நடந்தவை எதையும் மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார், பெண்களுக்கு நடந்ததையும் சேர்த்து. அந்தக் கொடுமைகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவையே அமைக்க வேண்டியிருந்தது, ஆகவே ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று தள்ளிவிட முடியாது. நம் மலையை ஒட்டிய காடு, நம் இருளர், குறும்பர் பிள்ளைகளின் சொந்தக்காரர்கள் மாதிரியான மனிதர்கள். இது முக்கியமான புத்தகம், பிளஸ் டூ முடிக்கிற பிள்ளை ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டேன், பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லித்தான் கொடுப்பேன். முதல் பாதியில் தொட்டி என்கிற அந்தக் குடியிருப்பின் வாழ்க்கை, விதைப்பு, காட்டோடு இருக்கிற உறவு எல்லாம் வரும். பிற்பாதி மிகக் கடினம். எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தினால் யாரும் உன்னைக் குறைவாக நினைக்கப் போவதில்லை. இந்த மூன்றையும் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும். சொல்லாமல் கொடுப்பதுதான் பிள்ளையை ஏமாற்றுவது.

சாதியைப் பற்றிப் பேசுகிற புத்தகங்களில் படிப்படியாகப் போக நமக்குத் தமிழில் நல்ல வழி இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதற்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிக்குக் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்ற பரிந்துரையும் உண்டு. விஷ்ணுபுரம் சரவணன் எழுதிய 'கயிறு' என்ற சின்னப் புத்தகம் இந்தக் கயிற்றைப் பற்றியதுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளையே ஒரே மூச்சில் படித்துவிடும். மலையில் இதெல்லாம் கிடையாது என்று சொல்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, தேயிலைத் தோட்டத்தில் எந்த லயத்தில் யார் குடியிருந்தார்கள் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

அதற்கு அடுத்த படி பாமாவின் தன்வரலாறு 'கருக்கு'. 1992இல் வந்தது. முழுப் புத்தகமும் வேண்டும் என்றில்லை, ஒரு காட்சி போதும்: அவர்கள் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தை நூலில் தொங்கவிட்டு, கை படாமல் தூக்கிக்கொண்டு முதலாளிக்குக் கொண்டுபோகிறார். அதைப் பார்த்துச் சிரிப்பு தாங்காமல் வீட்டுக்கு ஓடிவருகிறாள் சிறுமி. அது ஏன் அப்படி என்று அண்ணன் விளக்கிய பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த ஒரு பக்கம் புரிய வைப்பதை எந்த விளக்க உரையாலும் புரிய வைக்க முடியாது, ஏனென்றால் முதலில் பிள்ளையும் சேர்ந்து சிரித்துவிடுகிறது. தேவாலயத்துக்குள்ளேயும் கன்னியர் மடத்துக்குள்ளேயும் இருக்கிற சாதியைப் பற்றி அவர் எழுதியிருப்பது குன்னூர், கூடலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பப் பிள்ளைகளுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்.

அதன் பிறகுதான் இமையத்தின் 'பெத்தவன்', பெருமாள்முருகனின் 'பூக்குழி'. இரண்டுமே சாதி மாறிக் காதலித்தவர்களைக் கொல்லத் துணிகிற ஊரைப் பற்றியவை. 'பெத்தவன்' நெடுங்கதை, மகளைக் கொல்லச் சொல்லி ஊரே நெருக்குகிற ஒரு தகப்பனின் ஓர் இரவு. முடிவு மனதை ரொம்பக் கனக்கச் செய்யும், தனியாக இருக்கும்போது படிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கலாம். காதல் இருப்பதால் இந்தப் புத்தகங்களைத் தடுக்கிற பெற்றோர் உண்டு. உண்மையில் 'பூக்குழி' காதலைவிடப் புகுந்த ஊரில் அந்தப் பெண் படுகிற தனிமையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது, அதைப் படிக்கிற பிள்ளைக்குக் காதலிக்க அவசரம் எதுவும் வந்துவிடாது.

எஸ்டேட் பிள்ளைகளுக்கு 'எரியும் பனிக்காடு'. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழில் கொடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த ஜனங்கள் கடனை அடைக்கவே முடியாமல் மலையில் செத்துப்போன கதை. கதை ஆனைமலையில் நடந்தாலும் துரை, மேஸ்திரி, கொழுந்து, லயம் எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். பெண் தொழிலாளிகளிடம் துரைமார் நடந்துகொண்ட விதமும் வருகிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். இதைப் படித்துவிட்டுத் தன் கொள்ளுத் தாத்தா கண்டிக்கு எப்படிப் போனார் என்று வீட்டில் கேட்க ஆரம்பித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகக் கடந்துபோகிற சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுக்கு அப்போதுதான் தங்கள் குடும்பத்துக்கு நடந்த ஒன்றாகிறது.

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' படகர் வாழ்க்கையைப் பேசுகிற நாவல், 1960களில் வந்தது. அவர் நீலகிரியில் தங்கியிருந்து அக்கறையோடு எழுதியவர், ஆனால் வெளியிலிருந்து வந்தவர். இதைப் பிள்ளையிடம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். படகர் பிள்ளை படித்துவிட்டு எங்கள் ஹட்டியில் (ஊரில்) இப்படியெல்லாம் கிடையாது என்று சண்டைக்கு வந்தால் சந்தோஷம், அந்தச் சண்டையைத்தான் எழுதச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை மலையில் மிக முக்கியமானது. ஒரு சமூகத்தின் துயரத்தைச் சொல்கிற புத்தகத்தை அந்தச் சமூகத்துப் பிள்ளையின் கையில் வகுப்பு பார்க்கக் கொடுக்காதீர்கள். பணியர் பிள்ளையைக் கூப்பிட்டு, 'இது உங்க ஆட்களைப் பத்தினது, படி' என்று எல்லார் முன்னாலும் நீட்டுவது அக்கறையில் செய்வதுதான். ஆனால் அந்த நிமிடமே முப்பது ஜோடிக் கண்கள் அந்தப் பிள்ளையின் மேல் திரும்பும், அதற்குப் பிறகு அது புத்தகம் பக்கமே வராது. துயரத்தை மட்டுமே சொல்கிற புத்தகமாகப் பார்த்துக் கொடுப்பதும் சரியில்லை. பழங்குடிப் பிள்ளைக்குத் துப்பறியும் கதையும் வேண்டும், கிரிக்கெட் புத்தகமும் வேண்டும், சும்மா சிரிக்கவும் வேண்டும். நான்கைந்து புத்தகங்களை மேசையில் பரப்பி வைத்துவிட்டு அவர்களாக எடுக்கட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. யார் எதை எடுக்கிறார்கள் என்று உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

இந்த அந்தரங்கம் சின்ன ஊர்களில் லேசில் கிடைக்காது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' என்ற தன்வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள், 2007இல் வந்தது. ஆணாகப் பிறந்ததாக ஊர் சொல்ல, தன்னைப் பெண்ணாக உணர்ந்த ஒருவர் படித்த படிப்பையும் பட்ட அவமானத்தையும் செய்துகொண்ட அறுவை சிகிச்சையையும் ஒளிவில்லாமல் எழுதியது. மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை 2014இல் உச்ச நீதிமன்றமே அங்கீகரித்துவிட்டது. ஆனால் கிளை நூலகத்தில் ஒரு பையன் இந்தப் புத்தகத்தைத் தன் பெயரில் எடுத்தால், கடைசி பஸ் போவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் இப்படிப்பட்ட புத்தகங்களை அங்கேயே உட்கார்ந்து படிக்க ஒரு மூலை வேண்டும், பதிவேட்டில் எழுதாமல். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யானைக்குப் பயந்து பிள்ளைகள் வீடு போய்ச் சேர வேண்டிய ஊர்களில் நூலகம் மத்தியான வேளையில் திறந்திருப்பதும் இதில் சேர்த்திதான்.

சினிமாவுக்கு 2024 முதல் யுஏவுக்குள்ளேயே 7, 13, 16 என்று வயது பிரித்திருக்கிறார்கள், புத்தகத்துக்கும் அப்படி ஒரு முத்திரை போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அம்மா இறந்துபோன பதினான்கு வயதுப் பிள்ளையும் அப்படி எந்த இழப்பையும் அறியாத பதினான்கு வயதுப் பிள்ளையும் ஒரே புத்தகத்தை ஒரே மாதிரி படிப்பதில்லை. முத்திரை போட்டுவிட்டால் கொடுக்கிறவர் தானே படித்துப் பார்க்கிற வேலையை விட்டுவிடுவார், அதுதான் பெரிய நஷ்டம். முழுசாகப் படிக்காத புத்தகத்தை எந்தப் பிள்ளைக்கும் சொல்லாதீர்கள். ஆபாசமானதைக் குழந்தைகளுக்கு விற்பதைத் தடுக்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, புதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. வன்கொடுமையைக் கண்டித்து எழுதிய நாவலை அதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

பெற்றோர் எதிர்த்தால்? 'மாதொருபாகன்' நாவல் விஷயத்தில் 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் கிளம்பிய எதிர்ப்பும், இனி எழுதப் போவதில்லை என்று பெருமாள்முருகன் அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பிடிக்காதவர் படிக்காமல் இருக்கலாம், எழுத்தாளர் எழுதட்டும் என்று தீர்ப்புச் சொன்னதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆசிரியர்கள் பயப்படுவதற்கு அந்த நாட்களின் நினைவும் ஒரு காரணம், அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன், இடமாற்றல் உத்தரவு வந்தால் அவர்கள் குடும்பம்தான் அலைய வேண்டும். ஆனால் அது பெரியவர்களின் வாசிப்பைப் பற்றிய வழக்கு. பிள்ளை விஷயத்தில் பெற்றோருக்கு ஒரு சொல் உண்டு என்றே நினைக்கிறேன். என் பிள்ளைக்கு இப்போது இது வேண்டாம் என்று ஒரு தாய் சொன்னால் அதை மதிக்க வேண்டும். வகுப்பில் யாருக்குமே கூடாது, அலமாரியிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்ல முடியாது. புத்தகத்தை முதலில் பெற்றோர் கையில் கொடுத்து, 'நீங்க படிச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம்' என்று சொல்வது பல நேரம் பலன் தருகிறது. கொழுந்து பறித்துவிட்டு வந்து அலுப்பில் படிக்க நேரமில்லை என்பவர்களுக்கு இரண்டு பக்கம் வாசித்துக் காட்டலாம். எதிர்ப்பில் பெரும்பகுதி அட்டையையும் யாரோ சொன்னதையும் பார்த்து வருவது.

தற்கொலை வருகிற புத்தகங்களில் மட்டும் நான் கொஞ்சம் கறார். எப்படிச் செய்துகொண்டார் என்பதை விவரமாகச் சொல்கிற எழுத்தையும், அதை ஒரு வெற்றியாகவோ பழிவாங்கலாகவோ காட்டுகிற எழுத்தையும் பதின்வயதினருக்குக் கொடுப்பதில்லை. விட்டுச் செல்லப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து எழுதியவை வேறு, அவற்றைக் கொடுக்கலாம். கொடுக்கும்போது 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், படித்த பிறகு நடப்பது. பாலியல் கொடுமையைப் பற்றிய கதையைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை இரண்டு நாள் கழித்து வந்து, 'இது மாதிரி எனக்கும்' என்று ஆரம்பிக்கலாம். புத்தகம் கொடுக்கிற எல்லாரும் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம், 2012, பிரிவு 19இன்படி இப்படி ஒன்று தெரியவந்தால் போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. ஆகவே 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், பிறகு அதை மீற வேண்டிவரும். நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை, உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கும் என்று அப்போதே நேராகச் சொல்லிவிடலாம். குழந்தைகள் உதவி எண் 1098இல் கூப்பிட்டால் வழிகாட்டுவார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

இதற்கெல்லாம் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தின வாரமும், பள்ளி மூடப்போகிற கடைசி நாளும் கனமான புத்தகம் கொடுப்பதற்கு ஏற்ற சமயம் இல்லை. ஜூலை மழையில் மண் சரிந்து நான்கு நாள் பஸ் ஓடாமல் போகும் என்று தெரிந்தால் சிரிப்புக் கதைகளையும் பயணக் கதைகளையும் கொடுத்தனுப்புங்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பேச முடியும் என்ற உறுதி இல்லாதபோது 'சோளகர் தொட்டி'யை நான் யார் கையிலும் கொடுப்பதில்லை.